மூவலூர் ராமாமிர்தம் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை

அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “மார்ச் 8 அன்று, பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் உரிமை கேட்டுப் போராடியவர்களைக் கௌரவித்து விழா நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது? படம் வைத்து மாலை போட்டு, நாலு மாணவிகளைப் பேச வைத்தால் போதுமா?”

போதாது என்றுதான் சொல்வேன். ஏன் என்பதை என் வகுப்பில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மகளிர் கல்லூரியில் வரலாறு நடத்தியவள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, முதல் வருட மாணவி ஒருத்தி தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டு வந்து, “இந்த மாசம் ஆயிரம் ரூபா ஏறிடுச்சு மேம், அப்பாகிட்ட கேக்கல” என்றாள். புதுமைப் பெண் திட்டத்தில் வரும் பணம். அந்தத் திட்டத்தின் முழுப்பெயர் தெரியுமா என்று கேட்டேன். செல்போனில் தேடிப் பார்த்து, “மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்” என்று படித்தாள். யார் அவர் என்றதும் முகத்தில் குழப்பம். “மூவலூர் தெரியும் மேம். மாயவரத்துலேர்ந்து கும்பகோணம் போற ரோட்டுல வரும். எங்க சித்தி வீட்டுக்கு அந்தப் பக்கம்தான் போவோம்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாதாமாதம் ஒரு பெண்ணின் பெயரால் பணம் வாங்குகிறாள். பெயரைக் கொடுத்த நாம் கதையைக் கொடுக்கவில்லை. அன்று பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கதையைத்தான் சொன்னேன். உங்கள் விழாவையும் அங்கிருந்தே தொடங்கச் சொல்வேன்.

ராமாமிர்தம் 1883இல் பிறந்தவர். வறுமையில் வீட்டை விட்டுப் போய்விட்டார் தகப்பனார். தாயார் என்ன செய்வதென்று தெரியாமல், சிறுமியாக இருந்த மகளை ஒரு தாசியிடம் விற்றார். விலை, பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும். அந்த வீட்டில் பாட்டும் ஆட்டமும் கற்று வளர்ந்தார். பொட்டுக்கட்டி, அதாவது கோயிலுக்குத் தாசியாக நேர்ந்து விடுவதற்காக வளர்க்கப்பட்ட பெண், அதற்கு உடன்படாமல், தனக்குக் கலை சொல்லிக்கொடுத்த சுயம்புப் பிள்ளையையே மணந்துகொண்டார். அதோடு தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய், பெண்ணைப் பொட்டுக்கட்டாதே என்று தன் சமூகத்து வீடுகளிலேயே பேசினார். பிழைப்பு போய்விடும் என்று பயந்தவர்களும், அந்த வழக்கத்தால் லாபம் பார்த்த பெரிய மனிதர்களும் சும்மா விடுவார்களா? ஏச்சும் மிரட்டலும் கூடவே வந்தன. 1936இல் தான் கண்டதையெல்லாம் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்று நாவலாகவே எழுதி வெளியிட்டார்.

காங்கிரஸில் இருந்தவர், 1925இல் பெரியார் வெளியேறியபோது தானும் வெளியேறினார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட படையோடு 42 நாள் நடந்தார். அப்போது அவருக்கு வயது 55. அதே ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை நீலாம்பிகை அம்மையார், மறைமலை அடிகளின் மகள். டாக்டர் தருமாம்பாள், மீனாம்பாள் சிவராஜ் என்று அன்றைய முன்னணிப் பெண்கள் பலரும் இருந்தார்கள். ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். மறுநாளே தருமாம்பாள், ராமாமிர்தம் உள்ளிட்ட பெண்கள் மறியல் செய்து கைதானார்கள். ஆறு வாரம் சிறை.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம் வரும். அந்தப் பெண்கள் கொடுத்த பட்டம் தமிழ்நாட்டில் தெரியாத ஆளில்லை. கொடுத்தவர்களின் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1949இல் பெரியார் மணியம்மையாரை மணந்தபோது, தான் இருபது ஆண்டுக்கு மேல் பின்பற்றிய தலைவரையே எதிர்த்துப் பேசிவிட்டு தி.மு.க.வுக்கு வந்தார் ராமாமிர்தம். சரியா தவறா என்பது வேறு விஷயம். ‘அம்மையார்’ என்ற மரியாதைச் சொல்லுக்குள் இந்தக் கோபம் காணாமல் போய்விடுகிறது. படத்தில் இருப்பவர் பொறுமையே வடிவான பாட்டி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் சண்டைக்காரர். யாரோடு, எதற்காகச் சண்டை போட்டார், என்ன இழந்தார் என்று சொல்லாமல் அவரைக் கௌரவிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து முத்துலட்சுமி ரெட்டி. இவர் பெயர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், பாடப்புத்தகத்தில் ‘முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர்’ என்று வந்துவிடும். அந்த ‘முதல்’ எப்படிக் கிடைத்தது என்பதில் நின்று பேசுங்கள். 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். ஆண் மாணவர்கள் கண்ணில் படாதபடி வகுப்பில் அவருக்கு மட்டும் ஒரு மறைப்பு. உங்கள் வகுப்பறையில் ஒரு துப்பட்டாவைக் கயிற்றில் கட்டி, ஒரு மாணவியை அதற்குப் பின்னால் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பாருங்கள். கரும்பலகை தெரியாது, கேள்வி கேட்கக் கை தூக்கினால் யார் கண்ணிலும் படாது. நான் ஒரு தடவை செய்து பார்த்தேன். மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தவள் நாலாவது நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டாள்.

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமனம், பிறகு அதன் துணைத் தலைவர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். உள்ளே போய் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

பொட்டுக்கட்டும் வழக்கம் வெறும் நம்பிக்கையால் மட்டும் நிற்கவில்லை. அதற்கு அடியில் நிலம் இருந்தது. கோயிலில் ஊழியம் செய்யும் குடும்பத்துக்கு மானிய நிலம் உண்டு. ஊழியம் செய்ய ஆள் இருக்கும்வரைதான் அந்த நிலம். ஒரு தலைமுறையில் பெண்ணைப் பொட்டுக்கட்டாமல் விட்டால் நிலம் கையை விட்டுப் போகும். அப்புறம் எந்தத் தாய் துணிந்து மகளை விலக்கிக்கொள்வாள்? இந்த முடிச்சை முத்துலட்சுமி புரிந்துகொண்டார். 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் அங்கேதான் கை வைத்தது. இனி ஊழியம் செய்ய வேண்டாம், நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அந்த ஆண்டே காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். மசோதா சட்டமாவதற்கு 1947 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, சென்னை மாகாணத்தில் ஓமந்தூரார் முதல்வராக இருந்த ஆட்சி வரை. பதினேழு வருடம். அதற்குள் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கும்போது அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகத் தெரிவதில்லை.

அந்தப் பதினேழு வருடத்தை அவர் எப்படிக் கழித்தார் என்பதையும் சொல்லுங்கள். தாசி வீடுகளிலிருந்து தப்பி வந்த சில சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். இன்றும் அடையாறில் நடக்கிறது. சட்டசபையில் பேசிய பேச்சுக்குத் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து சோறு போட்டவர் அவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அவர் பிறந்த ஜூலை 30ஐ ‘மருத்துவமனை நாள்’ என்று 2019இல் தமிழக அரசு அறிவித்தது. பொருத்தமான கௌரவம் என்று நான் நினைப்பவற்றில் அதுவும் ஒன்று.

இங்கே ஒரு சிக்கலையும் மேடையில் ஒளிக்காமல் வைக்க வேண்டும். முத்துலட்சுமியின் மசோதாவை எதிர்த்தவர்களில் தேவதாசிப் பெண்களும் இருந்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்களை எல்லாம் விபசாரிகள் என்று ஒரே பெயரில் அடைக்காதீர்கள், எங்களிடம் கலை இருக்கிறது, மற்ற வீட்டுப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருந்தது. சட்டம் வந்தபின் பல குடும்பங்களில் நிலம் ஆண்கள் கைக்குப் போனது, பெண்களின் ஆட்டத்தை வேறு சாதியினர் மேடையேற்றிப் பெயர் வாங்கினார்கள்.

அந்த நாகரத்தினம்மாளையும் கௌரவிக்கத்தான் வேண்டும் என்பேன். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடந்தபோது தன் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கட்டியவர் அவர். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள், நாதஸ்வரக்காரர்களுக்கும் இடமில்லை. நாகரத்தினம்மாள் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். 1940களில் தான் எல்லாம் ஒன்றாகி, பெண்களும் பாட வழி பிறந்தது. 1952இல் இறந்தார். சமாதியை நோக்கிக் கைகூப்பியபடி அவர் சிலை இருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்றார்கள், இரண்டு பேருமே பெண்களுக்காகத்தான் பேசினார்கள் என்று பதிமூன்று வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். அது வீட்டில் அம்மாவும் அத்தையும் அவளுக்காகவே சண்டை போடுவதைப் பார்த்த பிள்ளை.

‘எப்படிக் கௌரவிப்பது’ என்ற உங்கள் கேள்விக்கு அரசாங்கம் வைத்த பெயர்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1989இல் மூவலூரார் பெயரில் முதலில் வந்தது திருமண உதவித் திட்டம். ஏழை வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பெண்ணின் பெயரைத் தாலிச் செலவோடு முடிச்சுப் போடுவதா என்று அப்போதே எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஆனாலும் அந்த ‘எட்டாம் வகுப்பு’ என்ற நிபந்தனை எத்தனையோ பெண்களை ஆறாம் வகுப்போடு நிறுத்தாமல் காப்பாற்றியது. பின்னாளில் அது பத்தாம் வகுப்பானது, தொகை ஏறியது, 2011க்குப் பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் திட்டமே மாறி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் என்றானது. பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட பெண்ணின் பெயர் இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தருமாம்பாள் பெயரில் விதவை மறுமண உதவி, சத்தியவாணி முத்து பெயரில் தையல் மெஷின், முத்துலட்சுமி பெயரில் மகப்பேறு உதவி என்று இன்னும் இருக்கின்றன. உங்கள் மாணவிகளின் வீடுகளில் இந்தத் திட்டங்களில் ஏதாவது ஒன்று வந்திருக்கும். வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். பாட்டிமார் எடுத்துக் காட்டுவார்கள்.

இறந்தவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். மதுரை அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாத கூலிப் பெண். அறுப்புக்கு ஆள் கூட்டிப் போகும் கொத்துத் தலைவியாக இருந்து, பெண்களுக்கு வாய் திறந்து கூலி கேட்டவர். களஞ்சியம் இயக்கத்தில் பெண்களைச் சேர்த்துச் சிறுகச் சிறுகச் சேமிக்க வைத்து, கந்துவட்டிக்காரர்களிடமிருந்து மீட்டவர். 2001இல் டெல்லியில் ‘ஸ்திரீ சக்தி’ விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். நாடே பார்த்தது. தமிழக அரசின் அவ்வையார் விருது, 2019இல் பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. இத்தனைக்குப் பிறகும் அவருக்குச் சரியான வீடு இல்லை என்று நாளிதழில் செய்தி வந்து, 2024இல்தான் தமிழக அரசு வீடு கட்ட ஏற்பாடு செய்தது. காலைத் தொட்டதற்கும் கூரை கிடைத்ததற்கும் நடுவே இருபது வருடத்துக்கு மேல். சால்வை போர்த்தும் கையோடு, “உங்களுக்கு என்ன வேண்டும்” என்று கேட்கவும் நாம் பழக வேண்டும்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லுங்கள். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, தஞ்சை மண்ணுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார் கணவரோடு. 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமுதலாளிகளிடம் நிலத்தை விலைக்கு வாங்கி ஆயிரக்கணக்கான கூலிக் குடும்பங்களுக்குக் கொடுத்தார். பத்திரத்தை வீட்டுப் பெண் பெயரில்தான் பதிந்தார். அந்த ஒரு முடிவுக்காகவே நான் அவரை வணங்குவேன். 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் பத்மபூஷண்.

பத்திரம் என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது வருடம் ஆனது. 1989 மார்ச் 25 முதல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அப்போது கிடையாது. இந்தியா முழுக்க அந்த உரிமை 2005இல்தான் வந்தது. எனக்குக் கல்யாணம் 1991இல். எனக்குப் பங்கு உண்டு. வகுப்பில் இந்தச் சட்டத்தை நடத்துகிறவள் நான்.

அப்பா காலமான மூன்றாம் மாதம் அண்ணன் விடுதலைப் பத்திரம், அதாவது என் பங்கை நான் விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதி எடுத்துவந்தார். அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். “கூடப்பொறந்தவன் உறவு வேணுமா, நெலம் வேணுமா” என்று அவள் கேட்கக்கூட இல்லை, பார்த்தாள், அவ்வளவுதான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, கைநாட்டு வைத்த மையைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணி ஒரு பட்டுச்சேலை எடுத்துத் தந்தாள். அந்தச் சேலையை இதுவரை பிரிக்கவில்லை. அன்று அந்த வராந்தாவில் என்னைப் போல இன்னும் இரண்டு பெண்கள் அதே கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு உரிமை வாங்கிக் கொடுக்க அறுபது வருடம் போராடியவர்கள் இருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் மகள் விஷயத்தில் அப்படி நடக்க விடமாட்டேன் என்று என் மகனிடமே சொல்லிவிட்டேன். அவனும் சரி என்றிருக்கிறான். எனக்குத் தெரிந்து இந்தப் பெண்களுக்கு நான் செய்த உருப்படியான மரியாதை அது ஒன்றுதான்.

ஆகவே உங்கள் விழாவில் பேச்சுப் போட்டியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே யாரோ ஒருத்தி இருப்பாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு நிச்சயம் பண்ணியதைக் கேள்விப்பட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்து நிறுத்திய அங்கன்வாடி டீச்சர், நூறு நாள் வேலையில் கூலி குறைத்ததை எழுந்து கேட்ட அக்கா, குடிகாரக் கணவனை விட்டு வெளியே வந்து மூன்று பெண்களைப் படிக்கவைத்தவள். அவரைக் கூப்பிட்டு முதலில் பேச வையுங்கள். சிறப்பு விருந்தினர் எல்லாம் பேசி முடித்து, பிள்ளைகள் பசியில் நெளியும் நேரத்தில் மைக்கைக் கொடுக்காதீர்கள். பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அன்று வேலைக்குப் போகாமல்தான் அவர் வந்திருப்பார். “நீங்கள் யாரை எதிர்த்தீர்கள், அப்புறம் ஊரில் என்ன சொன்னார்கள்” என்று மாணவிகளைக் கேட்கச் சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

மார்ச் 8ஐ மட்டும் நம்பாதீர்கள், அது பரீட்சை நேரம், பிள்ளைகள் மனசு வேறெங்கோ இருக்கும். ராமாமிர்தம் இறந்தது 1962 ஜூன் 27. பள்ளி திறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளைகள் அட்டை போட்ட நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆண்டுக் கணக்குத் தொடங்குவதும் அந்த ஆறாம் வகுப்பிலிருந்துதான். அன்று அந்த வகுப்புக்குப் போய், பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும் என்று ஆரம்பியுங்கள்.